சேர எல்லவுக்கு மார்கழியில் குடும்பத்தோடு போகலாமா?

கோண்டாவிலான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஏழு ஆண்டுகளின் பின்னர் என் தம்பி கனடாவிலிருந்து மனைவி பிள்ளைகளோடு ஊருக்கு வர இருக்கிறான். அவனுடைய பிள்ளைகளுக்கு 12 வயதும் 9 வயதும் ஆகின்றன. என் மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறான். இந்த மூவரும் தொலைபேசியிலேயே கூடிப் பேசி, ஒரு காட்டு நீர்வீழ்ச்சியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று முடிவெடுத்து, மாத்தளை மாவட்டத்தில் லக்கலைப் பக்கமாக உள்ள சேர எல்ல நீர்வீழ்ச்சியைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். விழும் நீருக்குப் பின்னால் ஒரு பாறைக்குகை இருக்கிறது என்பதும், அதற்குள் நின்று நீர்த்திரையை உட்பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்பதும் அவர்களுடைய மனத்தை முழுவதுமாகப் பிடித்துவிட்டன.

எனக்கு உள்ள தயக்கங்களைச் சொல்கிறேன். தம்பிக்கு ஆவணியிலோ மார்கழியிலோ மூன்று கிழமை விடுப்பு எடுக்கலாம். மார்கழியில் நீர்வீழ்ச்சி நிறைந்து விழும், பார்க்க அழகாக இருக்கும் என்பது அவனுடைய எண்ணம். விமானச் சீட்டை இப்போதே பதிவு செய்தால்தான் கட்டணம் கட்டுப்படியாகும் என்பதால் இந்த மாதத்துக்குள் ஒரு முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்தது வாகனம். என்னிடம் இருப்பது சிறிய ஹைபிரிட் கார். ஏழு பேருக்கு அது போதாது என்பதால் வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்த நினைத்திருக்கிறேன். நீர்வீழ்ச்சிக்குப் பிரியும் கிளை வீதியில் வான் இறங்கி ஏறுமா என்று தெரியவில்லை. மூன்றாவது, என் அம்மா. அவருக்கு 71 வயது. முழங்கால் வருத்தம் உண்டு. இதய சிகிச்சைக்குப் பின்னர் இரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையும் எடுக்கிறார். பேரப்பிள்ளைகள் போகும் இடத்துக்குத் தானும் வருவேன் என்று ஒரே பிடியாக நிற்கிறார்.

பிள்ளைகள் மூவரும் நன்றாக நீந்துவார்கள். தம்பியின் பிள்ளைகள் நீச்சல் தடாகத்தில் பழகியவர்கள். என் மகன் எங்கள் வீட்டுக் கிணற்றிலும் கீரிமலைக் கேணியிலும் நீந்தி வளர்ந்தவன். ஆனால் எங்கள் குடாநாட்டில் ஆறு என்று சொல்வதற்கு மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றுதான் உண்டு. ஓடும் நீரில் இறங்கிய பழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை. அங்கே போய் வந்தவர்கள் தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள்.

தென்மராட்சிச் சாரதி எழுதியது:

வணக்கம் ஐயா. நான் சாவகச்சேரியில் இருந்து 22 ஆண்டுகளாக வாடகை வான் ஓட்டுகிறேன். அந்த வீதிக்கு நான்கு தடவைகள் போயிருக்கிறேன். வாகனத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மழையைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

எங்கள் கண்டி வீதியில் யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தளை வரைக்கும் ஏறக்குறைய 300 கிலோமீற்றர். அதில் சிரமம் ஒன்றும் இல்லை. சிரமம் மாத்தளையில் கிழக்கே திரும்பி இரத்தோட்டையைத் தாண்டிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. அங்கிருந்து ரிவஸ்டன் வரைக்கும் ஏற்றம், ரிவஸ்டனிலிருந்து பிட்டவல பத்தனப் புல்வெளியைக் கடந்து இலுக்கும்புற நோக்கி இறக்கம். அதற்கு அப்பால் பல்லேகம வழியில் போய், பொத்தட்டவெல கிராமத்துக்குப் பிரியும் கிளை வீதியில் நுழைய வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஓடிப் பழகியவர்களை ஏற்றம் அவ்வளவாக ஏமாற்றாது. இயந்திரம் முனகும்போதே கியரைக் குறைக்க வேண்டும் என்று கை தானாகச் சொல்லிவிடும். ஏமாற்றுவது இறக்கம். எங்கள் ஊரில் நூறு கிலோமீற்றர் ஓடினாலும் ஒரு தடவைகூட வாகனத்தை இயந்திரத்தினால் பிடித்து நிறுத்த வேண்டிய தேவை வராது. ஆகவே பிறேக்கில் காலை வைத்தபடியே இறங்குகிறார்கள். பத்துப் பேரும் பொதிகளும் ஏறிய வான் அப்படி இறங்கினால், சில வளைவுகளுக்குள் சில்லுகளின் பக்கத்திலிருந்து புடவை கருகுவது போன்ற ஒரு மணம் வரும். அந்த மணம் வந்த பிறகு பிறேக்கை எவ்வளவு மிதித்தாலும் பிடிப்பு குறைந்துகொண்டே போகும். மணம் வந்தால் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கல் வைத்து, அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். சூடான பிறேக்கின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, இரும்பு வெடிக்கும். எந்தக் கியரில் ஏற வேண்டிய இடமோ, இறங்கும்போதும் அதே கியரில் இறங்குங்கள் என்று எனக்குத் தொழில் பழக்கியவர் சொல்லித் தந்தார். இன்றுவரை நான் அதை மீறியதில்லை.

கிளை வீதி வேறு கதை. வளைவுகள் வானின் நீளத்துக்கு இடம் தராது. மழை பெய்தபின் நடுவில் நீர் அறுத்த வாய்க்கால்கள் விழுந்திருக்கும். கிரவல் உருண்டு சில்லு பிடிக்காமல் சுழலும் இடங்களும் உண்டு. உங்களுடைய ஹைபிரிட் காரின் அடித்தட்டு அந்த வாய்க்கால்களில் தட்டும். அதை எண்ணிப் பார்க்கவே வேண்டாம். என் ஆலோசனை இதுதான்: வானை இலுக்கும்புறவிலேயே தெரிந்த ஒரு கடையின் முன்னால் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், அங்கிருந்து உள்ளூர் ஓட்டோக்களிலோ பிக்கப்பிலோ போங்கள். ஏழு பேருக்கு மூன்று ஓட்டோக்கள் வேண்டும். செலவு கூடும் என்று யோசிக்க வேண்டாம். அந்த ஓட்டோக்காரப் பிள்ளைகளுக்கு எந்த வளைவில் எதிரே வரும் வாகனத்துக்கு ஒதுங்க இடம் உண்டு, எந்தப் பாலத்தின் மேல் நேற்று நீர் ஏறியது என்பதெல்லாம் தெரியும். அந்த அறிவுக்குத்தான் நாங்கள் காசு கொடுக்கிறோம்.

வான் பேசும்போது உரிமையாளரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். ரயர்களின் பூவையும், கைப்பிறேக் நிறைந்த வாகனத்தை ஏற்றத்தில் பிடித்து வைக்கிறதா என்பதையும் நேரில் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஏற்றமே இல்லையே, எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். பாலம் ஒன்றின் ஏறுசரிவு போதும். எரிபொருளை மாத்தளையில் நிறைத்துவிடுங்கள். கைத்தொலைபேசிக்கு அந்தக் காட்டில் பல இடங்களில் சிக்னல் கிடையாது. வரைபடத்தை முன்னரே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய வரைபடம் வேண்டாம்: களுகங்கை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய லக்கலை நகரம் நீருக்குள் போய், புதிய நகரம் வேறிடத்தில் எழுந்தது. பழைய குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் வழி தடுமாறியதைக் கண்டிருக்கிறேன்.

இரத்தோட்டை மகள் எழுதியது:

வணக்கம். நான் இரத்தோட்டையில் ஒரு தோட்டக் குடும்பத்தில் பிறந்து, ஆசிரியையாகி, திருமணத்தின் பின்னர் மானிப்பாயில் வாழ்கிறேன். சாரதி ஐயா எழுதிய ஒவ்வொரு சொல்லும் சரி. நான் காலத்தைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் உங்கள் கேள்வியில் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மார்கழியில் போகாதீர்கள். இதைத் தயக்கம் இல்லாமல் சொல்கிறேன். மலைநாடு என்றால் வைகாசி ஆனியில் மழை என்று யாழ்ப்பாணத்தில் பலரும் நினைக்கிறார்கள். அது மேற்குச் சரிவுகளுக்குப் பொருந்தும். நக்கிள்ஸ் மலைத்தொடரோ இரண்டு பருவ மழைகளையும் மறித்து நிற்கிறது. தென்மேல் பருவத்தின் மழை அதன் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட, இலுக்கும்புற, லக்கலை இருக்கும் கிழக்குப் பக்கத்துக்கு வெறும் காற்றுத்தான் இறங்கி வரும். அந்தப் பக்கத்துக்கு உண்மையான மழை வாடைக்காற்றோடு வருவது. அதாவது உங்களுடைய மாரிதான் அவர்களுடைய மாரியும். திருமணமாகி இங்கே வந்த புதிதில் மாமியார் வீட்டுக் கிணற்றில் நீர் மேலே ஏறி ஏறி வருவதைப் பார்க்கும்போதெல்லாம், இப்போது எங்கள் ஓயாக்கள், அதாவது மலைச் சிற்றாறுகள், எல்லாம் கரை புரண்டு ஓடும் என்று நினைத்துக்கொள்வேன். அதையே நீங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: உங்கள் கிணறு நிறையும் காலத்தில் லக்கலைக்குப் போக வேண்டாம். இங்கே சோளகம் வீசி, புழுதி பறந்து, கிணறு இறங்கும் மாதங்கள்தான் அங்கே போவதற்கான மாதங்கள். ஆவணியில் நீர் குறைவாகத்தான் விழும். ஆனால் குகைக்குள் நிற்க வேண்டும் என்பதுதானே பிள்ளைகளின் ஆசை? அதற்கு அந்தக் குறைந்த நீரே தேவை. நீர் பெருகிய நாளில் குகைக்குப் போகும் பாறை வழியையே காண முடியாது.

பங்குனி, சித்திரையைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். அப்போது காலை வெயில் கண்ணைக் கூசும். பின்னேரத்தில் இடியோடு மழை கொட்டும். போவதானால் நண்பகலுக்கு முன்னர் நீரைவிட்டு வெளியேறிவிட வேண்டும். புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சன நெருக்கமும் சேர்ந்துகொள்ளும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மாத்தளை, கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் எத்தனை மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்தன என்பதை நீங்கள் அறிவீர்கள். எங்கள் உறவினர்கள் வீட்டைவிட்டுப் பாடசாலையில் தங்கியிருந்த அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்னும் தூக்கம் வருவதில்லை. ஒருமுறை பெயர்ந்த சரிவு அடுத்த மழைக்கு முன்னையதைவிட எளிதாகப் பெயரும். ஆகவே எந்த மாதமானாலும், புறப்படும் முன்னர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் வெளியேறச் சொல்லும் சிவப்பு என்று மூன்று படிகளாக அதை அறிவிப்பார்கள். இரத்தோட்டைக்கோ லக்கலைக்கோ மஞ்சள் இருந்தாலே பயணத்தைத் தள்ளிவையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்திலும் வீதி நிலையை விசாரிக்கலாம். அம்பியுலன்ஸ் சேவைக்கு 1990. சிக்னல் கிடைக்கும் இடம் எது என்பதை ஓட்டோச் சாரதியிடம் போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல ஆசைப்படுகிறேன். 'எல்ல' என்ற சிங்களச் சொல்லுக்கே நீர்வீழ்ச்சி என்றுதான் பொருள். அதனால் நாங்கள் வீட்டில் சேர எல்ல என்று மட்டுமே சொல்வோம். உயரத்தில் அது பெரியதல்ல. பம்பரகந்த 263 மீற்றர், தியலும 220 மீற்றர் என்று படித்துவிட்டு வருபவர்கள் இதைக் கண்டு முதலில் ஏமாறுவதும் உண்டு. இது அகலமாக, இரண்டு பிரிவாக, ஒரு வீட்டுக் கூரையைவிடச் சற்று உயரமான பாறை விளிம்பிலிருந்து விழுகிறது. குகைக்குள் நின்றால் வெளியே உள்ள காடு முழுவதும் நீருக்குப் பின்னால் பச்சை நிறமாக அசைந்துகொண்டிருக்கும்; பக்கத்தில் நிற்பவருடைய காதுக்குள் வாயை வைத்துப் பேசினால்தான் கேட்கும். நான் பத்தாம் வகுப்பில் படிக்கும்போது முதல் தடவை அங்கே நின்றேன். குகையின் மேற்பாறையிலிருந்து பாசியின் நுனி வழியாக ஒவ்வொரு துளியாக நீர் என் புறங்கழுத்தில் விழுந்தது. முன்னால் அவ்வளவு நீர் இரைந்து விழும்போது அந்த ஒரு துளியின் குளிர்தான் இன்றுவரை என் உடம்பில் நிற்கிறது.

நக்கிள்ஸ் காடு 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டு, 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. சிங்களத்தில் அதைத் தும்பறை மலைத்தொடர் என்பார்கள். மூக்கின் நுனியில் இலை போன்ற ஒரு நீட்சியைக் கொண்ட ஓணான் ஒன்று உலகத்திலேயே அந்த மலைகளில் மட்டும் வாழ்கிறது. பிள்ளைகள் கண்டால் தொடாமல் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே இறங்கும் நீர் அம்பன் கங்கையில் கலந்து பொலனறுவையின் பராக்கிரம சமுத்திரத்தை நிரப்பப் போகிறது. அந்த நீரில் சவர்க்காரம் போட்டுக் குளிப்பவர்களையும், சோற்றுப் பார்சலின் லஞ்ச் சீற்றை அப்படியே பாறை இடுக்கில் செருகிவிட்டு வருபவர்களையும் காணும்போது என் நெஞ்சு எரிகிறது. அவர்களில் எங்கள் தமிழ்ச் சனமும் இருப்பதால்தான் இங்கே எழுதுகிறேன். கொண்டுபோகும் அனைத்தையும் திரும்பக் கொண்டுவரப் பை ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்.

நீர்வேலி வாசகர் எழுதியது:

பிள்ளைகள் நன்றாக நீந்துவார்கள் என்று கோண்டாவில் ஐயா எழுதிய வரியைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாங்கள் நண்பர்கள் எட்டுப் பேர் தை மாத நடுவில், பொங்கல் முடிந்த கையோடு, அதே லக்கலைப் பக்கத்தில் பெயர்ப்பலகைகூட இல்லாத ஓர் அருவிக்குப் போனோம். வழிகாட்டி யாரையும் அழைக்கவில்லை. வானம் நீலமாக இருந்தது. முழங்கால் அளவு நீரில் ஓயாவைக் கடந்து மறுகரைப் பாறையில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு மணி கழிந்திருக்கும். முதலில் நீரோடு காய்ந்த இலைகள் வந்தன. சற்று முன்னர் அடிக்கல் தெரிந்த நீர் தேயிலைச் சாயம் போல ஆனது. அருவியின் ஓசை தடித்து, பாறையின் வழியாக உள்ளங்காலில் அதிர்வாகத் தெரிந்தது. எங்களில் ஒருவன்கூட அதற்குப் பொருள் தெரிந்தவனாக இருக்கவில்லை. எங்கள் ஊரில் மழை பெய்தால் சுண்ணக்கல் குடித்துவிடும். எங்கோ பெய்த மழை வெயில் எறிக்கும் இடத்துக்கு ஓடிவந்து ஆளை அடிக்கும் என்பது நாங்கள் கண்டிராத ஒன்று. பாத்திரங்களைக் கழுவி அடுக்கிவிட்டுக் கிளம்பலாம் என்று திரும்பியபோது, கடந்து வந்த இடத்தில் நீர் இடுப்பளவுக்கு மேல் ஓடியது. ஒரு நண்பன் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். அவன் தொண்டைமானாற்றுக் கடல்நீரேரியின் குறுக்கே நீந்துபவன். இரண்டாவது அடியில் கால் பறிந்து, கயிறு இறுகி, பாறையில் தோள் மோதியது. மூன்று பேர் இழுத்து எடுத்தோம். அதன் பின்னர் ஐந்து மணி நேரம், இருள் விழும்வரை, அந்தப் பாறையின் மேல் குந்தியிருந்தோம். மாடு தேடி வந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் எங்களைக் கண்டு, மேலே வேறொரு வழியாகச் சுற்றி வந்து, ரோர்ச் லைற்றோடு அழைத்துச் சென்றார். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குச் சிங்களம் அரைகுறை. அவருடைய வீட்டில் கொடுத்த பிளேன்ரீயைப் பிடிக்க முடியாமல் எங்கள் கைகள் நடுங்கின.

ஆகவே நீச்சலைப் பற்றி ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேணியிலும் கிணற்றிலும் நீர் ஆளைத் தாங்கும். அருவி விழும் இடத்தில் நீர் முழுவதும் காற்றுக் குமிழிகள் கலந்திருப்பதால் அது அவ்வாறு தாங்காது. நன்றாக நீந்துபவனும் அங்கே கல்லைப் போலத் தாழ்வான். விழும் நீர் அடியில் சென்று சுழன்று திரும்புவதால், மேலே வர முயல்பவனை மறுபடியும் அருவியின் காலடிக்கே கொண்டுபோகும். பாறையின் அடிப்பகுதி உள்ளே குடைந்திருந்தால் அதற்குள் சொருகிவிடும். அருவியின் நேர் கீழே யாரும் இறங்கக் கூடாது. கீழே நீர் பரந்து அடங்கி ஓடும் இடத்தில், உள்ளூர் ஆள் ஒருவர் காட்டிய அளவுக்குள், முழங்கால் அளவோடு நிற்கலாம். பாறையிலிருந்து குதிப்பது அறவே கூடாது. ஒருவர் நீரில் இறங்காமல் மேல்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறம் மாறினாலோ, சருகு வந்தாலோ, ஓசை தடித்தாலோ, எதையும் பொறுக்காமல் செருப்பையும் விட்டுவிட்டு மேலே ஏறுங்கள்.

நல்லூர்ப் பயணி எழுதியது:

அம்மாவுக்காக ஒரு மாற்று யோசனை. கண்டியிலிருந்து நுவரெலியா போகும் பெருவீதியில் இறம்பொடை நீர்வீழ்ச்சி வாகனத்தில் இருந்தபடியே தெரியும். 109 மீற்றர் உயரம். பக்கத்தில் ஆஞ்சநேயர் கோயிலும் இருக்கிறது. தலவாக்கலைப் பக்கமாகப் போனால் டெவன் நீர்வீழ்ச்சியையும் வீதியோரத்தில் நின்று பார்க்கலாம். சேர எல்லவுக்கு இளையவர்கள் போகும் நாளில் அம்மாவை மாத்தளையில் தங்க வைத்துவிட்டு, அடுத்த நாள் எல்லோருமாக இறம்பொடைக்குப் போகலாம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்கு முன்னால் ஒரு மணி நேரம் இருந்தாலே அவருக்கு மனம் நிறைந்துவிடும்.

கோண்டாவிலான் எழுதியது:

எழுதிய அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அச்செடுத்து அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். நீர்வேலி அன்பர் எழுதியதை என் மகன் இரண்டு தடவை வாசித்துவிட்டு, தம்பியின் பிள்ளைகளுக்கும் தொலைபேசியில் வாசித்தான்; தொண்டைமானாற்று நண்பருக்குத் தோள் சுகமாகிவிட்டதா என்று சின்னவள் கேட்கிறாள்.

தம்பி நேற்று ஆவணிக்குச் சீட்டுப் பதிவு செய்துவிட்டான். நல்லூர்த் தேரும் தீர்த்தமும் முடிந்த பின்னர் புறப்பட்டு, முதல் இரவு மாத்தளையில் தங்கி, மறுநாள் அதிகாலை ஐந்து மணிக்கு இரத்தோட்டை வழியாக ஏறி, வானை இலுக்கும்புறவில் விட்டுவிட்டு ஓட்டோவில் போவதாகத் திட்டம். பன்னிரண்டு மணிக்கு நீர்க்கரையில் ஒருவரும் இருக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லியாயிற்று. சாரதி ஐயாவே வானை ஓட்ட வருவதற்கு இசைந்தால் பெரிய ஆறுதலாக இருக்கும். தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.

அம்மா இன்னும் இறங்கி வரவில்லை. இறம்பொடைக்கும் வருவேன், சேர எல்லவுக்கும் வருவேன், கீழே இறங்காமல் மேலே இருந்துகொள்கிறேன் என்கிறார். அவருடைய மாத்திரையை நினைத்து எனக்குப் பயமாக இருப்பது அட்டைக்கடிதான். ஆசிரியை அவர்கள் இதைப் பற்றிச் சொல்ல முடியுமா?

இரத்தோட்டை மகள் எழுதியது:

ஆவணி என்று முடிவானது கேட்டு மனம் ஆறியது. அந்த மாதத்தில் ரிவஸ்டன் உச்சியில் காற்று ஆளைத் தள்ளும்; அங்கே இறங்கிப் படம் எடுப்பதானால் சின்னவளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அட்டை கடிக்கும்போது இரத்தம் உறையாமல் இருக்கும் ஒரு பொருளைத் தன் வாயிலிருந்து செலுத்துகிறது. அதனால் நல்ல உடம்புள்ள பிள்ளைக்கே அது விழுந்த பிறகும் நெடுநேரம் கசியும். உங்கள் அம்மா எடுக்கும் மாத்திரையும் அதே வேலையைச் செய்வதால் அவருக்கு இன்னும் நீளும். உயிருக்கு ஆபத்து என்று நான் சொல்லவில்லை, ஆனால் புறப்படும் முன்னர் அவருடைய வைத்தியரிடம் இந்தப் பயணத்தைச் சொல்லிக் கேட்டே ஆக வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். ஆவணியில் வீதியோரத்தில் அட்டை அரிது. ஈரச் சருகு உள்ள நிழலில்தான் இருக்கும். நீண்ட காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, அதன் மேல் ஈரச் சவர்க்காரத்தைத் தேய்த்து விடுங்கள். இது காலுறைக்கு மட்டும். அந்தக் கால்களோடு நீரில் இறங்க வேண்டாம். ஒட்டினால் பிடித்து இழுக்காதீர்கள். நகத்தின் ஓரத்தால் அதன் வாய்ப்பக்கத்தைத் தள்ளி எடுத்துவிட்டு, சுத்தமான துணியைப் பத்து நிமிடமாவது விடாமல் அழுத்திப் பிடியுங்கள்.

நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் படிகள் தூவானத்தினால் எப்போதும் ஈரமாக இருக்கும். முழங்கால் வருத்தம் உள்ளவருக்கு ஏறுவதைவிட இறங்குவதே கடினம். அவரை இறங்க விட வேண்டாம். ஆனால் மேலே இருக்கிறேன் என்று அவர் சொல்வதில் தவறில்லை. கதிரை ஒன்றை மடித்து ஓட்டோவில் வைத்துக்கொள்ளுங்கள். நிழலில் இருந்தால் நீரின் ஓசை அவருக்கு நன்றாகக் கேட்கும். பிள்ளைகள் திரும்பி வரும்போது ஒரு போத்தலில் அந்த நீரைக் கொண்டுவந்து அவருடைய கையில் ஊற்றட்டும். குடிக்க வேண்டாம், கையில் மட்டும். எங்கள் அம்மம்மா நடக்க முடியாமல் போன பிறகு நாங்கள் அப்படித்தான் செய்தோம். அவர் அந்தக் கையைத் துடைக்காமல் வீடுவரை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.